மாமா போட்ட கையெழுத்து

ஏர்கோன், அதாவது குளிர்சாதனம், வந்த அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் உட்புறத்தில்தான், பிள்ளைகளே, உங்கள் மாமா கணக்கு எழுதுவார். எந்த வீடு, எத்தனை அடி செம்புக் குழாய், கேஸ் எவ்வளவு, அன்று எனக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு. நான்கே வரி. நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தும் பார்த்தேன், தொடவில்லை. வேன் சீட்டுக்கு அடியில் அட்டைகள் சேர்ந்துகொண்டே போயின. நான் அவற்றைக் குப்பை என்றுதான் நினைத்திருந்தேன்.

மாமாவும் நானும் செனாய் ஊரில் ஒரே தொழிற்சாலையில் இருந்தவர்கள். அங்கே வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், நமக்கு ஒரு கவலையும் இல்லை. இருவரும் வெளியே வந்து குத்தகைக்காரர் ஒருவரிடம் ஏர்கோன் மாட்டும் வேலை எடுத்தபோது, சம்பளச் சீட்டு இல்லாதவனுக்கு வரியும் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரையும் கேட்கவில்லை. அது என் முதல் தப்பு. குத்தகைக்காரர் ஒரே கணக்குக்குத்தான் பணம் போடுவேன் என்றார். என் கணக்கைக் கொடுத்தேன். வந்த பணத்தை எடுத்து, கூலாய் ஊர்க் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடும்போது பாதியை மாமா கையில் கொடுத்துவிடுவேன். ரசீது கிடையாது. மனைவியின் அண்ணனிடம் கையெழுத்துக் கேட்டால் நன்றாகவா இருக்கும்? அது இரண்டாவது தப்பு.

சில வருடம் கழித்து வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. குத்தகைக்காரர் தன் கணக்கில், எனக்குக் கொடுத்ததையெல்லாம் செலவாகக் காட்டியிருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை, அதுதான் முறை. ஆனால் இரண்டு பேர் சம்பாதித்தது முழுவதும் என் பெயரில் நின்றது. கடிதத்தோடு அங்கே போனேன். கவுண்டரில் இருந்த அதிகாரி அம்மா மலாயில் பொறுமையாக விளக்கினார். சம்பளக்காரருக்கு ஒரு பாரம், அதாவது படிவம், சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு வேறு பாரம். குழாய், கேஸ், பெட்ரோல் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சுவதற்குத்தான் வரி. மாமாவுக்குக் கொடுத்ததையும் கழிக்கலாம். ஆனால் அதை வாங்கிக்கொண்டதாக மாமா கையெழுத்துப் போட வேண்டும், தன் வருமானமாக அவரும் காட்ட வேண்டும்.

வெளியே வேனில் காத்திருந்த மாமாவிடம் அப்படியே சொன்னேன்.

"நான் போடலேன்னா?" என்றார்.

"முழுசும் என் பேர்ல நிக்கும். வீட்டுக்குச் சேத்து வச்ச முன்பணம் போயிடும், மச்சான்."

"போட்டா, எனக்கு வர்ற உதவித்தொகை நின்னுடுமா?"

"நிக்கலாம். பொய் சொல்ல மாட்டேன்."

வருமானம் குறைவு என்று அரசாங்கம் மாமாவுக்குக் கொடுத்துவந்த பணம் அது. மகளின் பாலிடெக்னிக் செலவுக்கு அதைத்தான் நம்பியிருந்தார். நான் வண்டியை எடுத்தேன். செனாயைத் தாண்டினோம். 'எனக்குத் தெரியாது' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், என்னிடம் காட்ட ஒரு ரசீதும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

"அலமாக், என்ன மாப்பிள்ள இது," என்றார் கடைசியில். "இத்தனை வருஷம் உங்க கையில வாங்கித் தின்னுட்டு, வாங்கவே இல்லேன்னு சொன்னா என் தங்கச்சி எனக்குச் சோறு போடுவாளா? வண்டியத் திருப்புங்க. ஆனா அந்தப் பாரத்த நீங்கதான் நிரப்பணும். எனக்கு அதப் பாத்தாலே காய்ச்சல் வருது."

திரும்பிப் போய், பணம் வாங்கிக்கொண்டதாக மாமா கையெழுத்துப் போட்டார். அட்டைகளை அதன் பிறகுதான் சீட்டுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்தோம். சிலவற்றைக் கரப்பான் தின்றிருந்தது. மீதி இருந்ததை, கடைகளில் கேட்டு வாங்கிய ரசீதுகளோடு சேர்த்து, கூடத்தில் தரை முழுக்கப் பரப்பி மாத வாரியாக அடுக்கினோம். செலவெல்லாம் கழிந்த பிறகு நின்ற தொகை, நான் பயந்த அளவு பெரிதாக இல்லை. அபராதம் உண்டு. தவணையில் கட்ட விட்டார்கள், கட்டி முடித்தேன். முன்பணம் தப்பியது. நீங்கள் இப்போது படுத்துத் தூங்கும் வீடு அதில் வாங்கியதுதான். அடுத்த வருடம் மாமாவின் உதவித்தொகை நின்றுபோனது. அவர் என்னிடம் வாயே திறக்கவில்லை. அத்தை சொல்லித்தான் உங்கள் அம்மாவுக்குத் தெரியும். அதன் பிறகு அவர் மகள் படித்து முடிக்கும்வரை பாலிடெக்னிக் செலவில் பாதி என்னுடையது.

தம்பி, நீ மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாய். "இது சம்பளம் இல்லையேப்பா, இதுக்கெல்லாம் எதுக்கு வரி?" என்று போன வாரம் கேட்டாய். நான் கேட்ட கேள்விதான். வரி வராமல்கூடப் போகலாம், ஆனாலும் காட்டு. பெட்ரோல் ரசீதை வீசாதே. ஏழு வருடம் வைத்திரு.

வாடகை வீட்டிலேயே இருந்த மாமாவும் இப்போது ஒரு வீடு பார்த்திருக்கிறார். போன மாதம் அவரோடு பேங்குக்குப் போனேன். சம்பளச் சீட்டு கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு, வருடாவருடம் கட்டிய வரியின் தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். மேசைக்கு எதிரே இருந்த பேங்குப் பிள்ளை எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டது. பதில் இன்னும் வரவில்லை. மாமா அதற்குள் அந்தக் காலி வீட்டுக்குப் போய், எந்தச் சுவரில் ஏர்கோன் மாட்டலாம் என்று அளந்துவிட்டு வந்துவிட்டார்.