ஒரே வீட்டில் பிரிந்திருந்த வருஷம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். ஆனால் யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை.

நாட்டின் தலைநகரில், ஆர்.கே.புரத்தில் எங்களுடையது இரண்டு அறை கொண்ட அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அதற்கு முன்பு அவர்கள் சண்டை போடாத விஷயமே கிடையாது. ஃபேனை எத்தனையில் வைப்பது என்பதிலிருந்து, லீவுக்கு யாருடைய ஊருக்கு முதலில் போவது என்பதுவரை எல்லாவற்றுக்கும் சண்டைதான். மாடி வீட்டு பஞ்சாபி ஆன்ட்டிக்குத் தெரிந்த தமிழெல்லாம் அப்படிக் காதில் விழுந்ததாகத்தான் இருக்கும். என் பள்ளிக்கூடத்தை நடுவில் மாற்றக்கூடாது என்ற ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்; அதனால்தான் பிரிந்த பிறகும் அதே வீட்டில் இருந்தார்கள்.

என்னைத் தனியாக விட முடியாததால் வக்கீலிடம் போகும்போது கூட்டிக்கொண்டு போனார்கள். வக்கீல் ஆன்ட்டியும் தமிழ்தான். எனக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு அவர்களிடம் சொன்னார்:

"ஒரே வீட்ல இருக்கலாம், தப்பில்லை. ஆனா கணவன் மனைவியா வாழக் கூடாது. தனி ரூம், தனிச் சமையல். ஒரு வருஷம் அப்படி இருந்தாத்தான் ரெண்டு பேருமா சேர்ந்து விவாகரத்துக்கு மனு போட முடியும். நடுவுல மறுபடி சேர்ந்துட்டீங்கன்னா, முதல்லேர்ந்துதான் எண்ணணும்."

கடைசி வாக்கியத்தை எனக்காகவே சொன்னது போலிருந்தது.

அன்றிலிருந்து உள்ளறை அம்மாவுக்கும் எனக்கும், முன்னறை அப்பாவுக்கு. காஸ் அடுப்பில் இடது பக்கம் அவருடையது, வலது பக்கம் அவளுடையது. எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் உரிமை இருந்ததால் தினமும் இரண்டு காலை உணவு. அப்பா ரொட்டியைக் கருக்கித் தருவார்; அம்மா தோசை வார்ப்பாள். அந்த வருஷம் என் கன்னம் உப்பியது.

விசித்திரம் என்னவென்றால், சண்டை நின்றுபோனது. "சிலிண்டர் தீரப்போகுது, நான் புக் பண்ணிடறேன்" என்பார் அப்பா. "அச்சா, தேங்க்ஸ்" என்பாள் அம்மா. அவர்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. குளிர்கால ஞாயிறுகளில் மூவரும் பால்கனி வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தோம். அவர் நாற்காலி ஒரு மூலை, அவளுடையது மறு மூலை, நடுவில் நான்.

இருந்தாலும் அவர்களை மறுபடி சேர்த்துவைக்கும் வேலையை நான் விடவில்லை. அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, அம்மா வைத்த வத்தக்குழம்பை அவர் சோற்றில் ஊற்றிவிடுவேன். அவர் தட்டை வழித்துச் சாப்பிடுவார். வருஷம் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிட்டது என்று நான் பூரித்துப்போவேன்.

மழை முடிந்த சமயம் அப்பாவுக்கு டெங்கு வந்தது. அம்மாதான் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நோயாளிக்கு நீங்கள் யார் என்று கவுன்ட்டரில் இருந்தவர் இந்தியில் கேட்டார். அம்மா ஒரு கணம் தயங்கினாள். பிறகு "வைஃப்" என்று சொல்லி, படிவத்திலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான்கு நாள் லீவு போட்டு, பக்கத்திலேயே இருந்து கஞ்சி கொடுத்தாள். ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் நான் மட்டும்தான் சந்தோஷமாக இருந்திருப்பேன்.

வருஷம் முடிந்து மறுபடி வக்கீலிடம் போனபோது, அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஆன்ட்டி, அம்மா வைஃப்னு எழுதி சைன் பண்ணிட்டாங்க. முதல்லேர்ந்து எண்ணணும்."

ஆன்ட்டி பேனாவைக் கீழே வைத்தார். "கோர்ட் தீர்ப்பு சொல்ற வரைக்கும் சட்டப்படி அவங்க வைஃப்தான் கண்ணு. கையெழுத்துப் போட்டதால சேர்ந்துட்டாங்கன்னு ஆகாது."

"அப்ப கஞ்சி குடுத்தது?"

"உடம்பு சரியில்லாதவங்களுக்குக் கஞ்சி குடுக்கலாம்மா."

"வத்தக்குழம்பு?"

அம்மா சட்டென்று அப்பா பக்கம் திரும்பினாள். "அதை நீங்களா சாப்பிட்டீங்க? நான் இவதான் சாப்பிடறான்னு நினைச்சேன்!"

"நல்லா இருந்துது" என்றார் அப்பா, திருட்டு முழியோடு.

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவும் சிரித்தார். இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆன்ட்டி மனுவை அவர்கள் முன் நகர்த்தினார். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அம்மாவிடம் நீட்டினார். இன்னும் சிரித்துக்கொண்டே அவளும் போட்டாள்.

யோசிப்பதற்கென்று கோர்ட் கொடுத்த ஆறு மாதமும் கழிந்தது. தீர்ப்பு வந்தது. நானும் அம்மாவும் நகரத்தின் இன்னொரு கோடியில் இருந்த துவாரகாவுக்கு வீடு மாறினோம். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோவில் வந்து என்னைக் கூட்டிப் போவார்.

அப்படிச் சிரிக்கத் தெரிந்தவர்கள் ஏன் பிரிய வேண்டும் என்று பல வருஷம் அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இனி ஒருவரிடம் ஒருவர் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று ஆன பிறகுதான் அவர்களுக்கு அந்தச் சிரிப்பே வந்தது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.