நான் தட்டிவிட்ட பனங்கட்டி

ஞானசேகரம் மாஸ்டர் போய்விட்டார் என்ற செய்தியைப் பருத்தித்துறை பஸ்ஸில் வந்த பழைய மாணவன் ஒருவன் சொன்னான். செத்தவீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாஸ்டர்தான் அண்டைக்கு என்ரை மனிசனைக் காப்பாத்தினவர்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அது பொய். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரோடு படிப்பித்த நீங்களும் அதை நம்பியிருக்கிறீர்கள்.

அவர் புவியியல், நான் உயிரியல். அவருக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம். மின்சாரமில்லாத இந்தக் காலத்தில் இன்சுலின் குப்பியைக் குளிர்ச்சிக்காக ஈரமணல் போட்ட மண்முட்டிக்குள் வைத்திருப்பார். "ஐசே, இன்சுலின் சுரக்கிற என்ரை சதையி இப்ப இந்த முட்டிதான்" என்று சிரிப்பார்.

ஒருநாள் காலை ஊசி போட்டுவிட்டு வந்தவர், சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கமுன் குண்டுவீச்சு விமானம் இரைந்தது. பங்கருக்குள் இறங்கிய நாங்கள் வெளியே வர மத்தியானமாகிவிட்டது. ஆசிரியர் அறையில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, சம்பந்தமில்லாமல் என்னை ஏசினார். தேத்தண்ணி போடும் மரியம்மா அக்கா பனங்கட்டித் துண்டோடு ஓடிவந்தார். நான் அதைத் தட்டிவிட்டேன்.

"உங்களுக்கென்ன விசரோ? சீனி வருத்தக்காரனுக்கு இனிப்போ?"

"தள்ளுங்கோ மாஸ்டர்! ஊசி போட்டுட்டு மனிசன் ஒண்டும் தின்னேல்லை. என்ரை மனிசனுக்கும் உப்பிடித்தான் வாறது."

வேறொரு துண்டைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சங் கொஞ்சமாகப் பருக்கினார். கால்மணி நேரத்தில் மாஸ்டர் தெளிந்தார்.

அதற்கு முதல் கிழமைதான் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்திருந்தேன். சதையி சுரக்கும் இன்சுலின் இரத்தத்துச் சீனியை உடலின் கலங்களுக்குள் அனுப்பும். சீனி குறைந்தால் அது அடங்கும், குளுக்ககன் என்ற இன்னொரு சுரப்பு எழும்பி ஈரலில் சேர்த்துவைத்ததை வெளியே விடச்செய்யும். ஊசியால் ஏற்றிய இன்சுலினுக்கு அப்படி அடங்கத் தெரியாது. சாப்பிடாவிட்டாலும் அது சீனியைக் குறைத்துக்கொண்டே போகும். எல்லாம் தெரிந்த நான், வருத்தத்தின் பெயரில் சீனி இருக்கிறதென்று பனங்கட்டியைத் தட்டிவிட்டேன். சீச்சீ!

ஓடிவந்த அதிபர் உயிரியல் மாஸ்டர் பக்கத்தில் நிற்பதைக் கண்டு என்னைத்தான் புகழ்ந்தார். நான் அந்தப் புகழை அப்படியே வாங்கிக்கொண்டேன்; அதுவே எல்லோர் வாயிலும் கதையானது. மரியம்மா அக்கா கோப்பை கழுவப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தட்டிவிட்டது நீர்தானே?"

"ஓம்."

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, சொல்லவும் மாட்டன். ஆனா மரியம்மாவிட்டைப் போய் ஒரு நன்றி சொல்லும்."

அவர் சொன்னபடியே இருந்தார். நான் போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று கடத்தினேன். அதற்குள் அவரே போய்விட்டார். அவர் என்னிடம் விட்டுப்போனது அந்தச் செய்யாத வேலை ஒன்றுதான்.

மரியம்மா அக்கா, உங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இதைக் கொண்டுவந்து, உங்கள் முன்னால் நின்று, நானே வாசிக்கவேண்டும்.