நானூற்றுப் பதின்மூன்றாவது கம்பெனி

இணையப் பக்கம் திறக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வார். திறந்ததும் "இருக்கான்" என்று ஒரு டிக் அடிப்பார். அடுத்த முகவரி. கம்ப்யூட்டர் திரையில் அது சுற்றும், சுற்றும், கடைசியில் திறக்கும். "இவனும் இருக்கான்." கண்டம் முழுவதிலும் உள்ள மெய்நிகர்க் கம்பெனிகளில் எது உயிரோடு இருக்கிறது, எது போய்ச் சேர்ந்தது என்று அவர் கணக்கெடுக்கும் முறை இதுதான். இணையதளம் திறந்தால் கம்பெனி உயிரோடு இருக்கிறது. அதில் கடைசியாகப் போட்ட செய்தி நான்கு வருடத்துக்கு முந்தையது என்றால், அது அவர்களுடைய அடக்கம்.

மெய்நிகர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: முகத்தில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டால் எதிரே இருக்கும் சுவர் மறைந்து கடலோ காடோ தெரியும். எழுந்து நடந்தால், சுவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பது நெற்றிக்குத் தெரியும். இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று கம்பெனிகளின் சங்கம் வருடத்துக்கு ஒரு அறிக்கை போடுகிறது. ஏழு வருடமாக அதை எழுதுகிறவர் இவர். ஏழு வருடமாக அதற்கு மெய்ப்புத் திருத்துகிறவள் நான். எழுத்துப்பிழையைத் திருத்தத்தான் எனக்கு அதிகாரம். பொய்யைத் திருத்த வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

எங்கள் அச்சகத்தில் அவருக்குப் பெயர் 'வளர்ச்சி சார்'. லிஃப்ட் மேலே வந்தால்கூட "நல்ல வளர்ச்சி" என்று சொல்லக்கூடிய மனிதர். மடிப்புக் கலையாத சட்டை, பையில் எப்போதும் ஒரு கை எலுமிச்சை மிட்டாய். அந்தப் பெட்டியை மாட்டினால் நாற்பதே விநாடியில் அவருக்குக் குமட்டும், மிட்டாய் அதற்குத்தான். போன வருட அறிக்கையின் அட்டையில் அதை மாட்டிக்கொண்டு, வானத்தைப் பிடிப்பதுபோல் கையை நீட்டிச் சிரிக்கிறாரே, அது எப்படி என்று கேட்டேன். "சுவிட்சே போடல மேடம். உள்ள ஒரே இருட்டு. அதான் நிம்மதியா சிரிச்சேன்" என்றார். அந்த அளவில் உண்மையான மனிதர்தான்.

எழுத்தில்தான் கோளாறு. ஆளே இல்லாத கம்பெனி அவர் கைபட்டால் 'பாதை மாற்றத்தில்' இருக்கும். வாடகைக்கு இடமில்லாமல் படுக்கையறைக்குப் போய்விட்டதை 'பரவலாக்கப்பட்ட அலுவலகம்' என்பார். அலமாரியில் தூசி தின்னும் பெட்டிகளுக்கு 'கையிருப்புத் திறன்' என்று பெயர். ஒரே ஆள் நான்கு நாடுகளில் பதிவு செய்திருந்தால் நான்கு கம்பெனிகள். நாலு தேசத்துக்கும் பெருமை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் பூசணித் தோட்டத்தையே மறைத்துவிட்டு, கொடிக்கு வளர்ச்சி விகிதம் போடுவார். ஏழு வருடத்தில் 'மூடப்பட்டது' என்ற சொல்லை அந்த அறிக்கையில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"நாம ஒருத்தன மூடிட்டான்னு எழுதினா, மத்தவன்கிட்டயும் ஆர்டர் குடுக்க மாட்டாங்க மேடம். பாவம் இல்லையா" என்று ஒருநாள் சொன்னார். அதை அவர் மனதார நம்புகிறார் என்பதுதான் எனக்குக் கோபம். வேண்டுமென்றே பொய் சொல்கிறவன் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

இந்த வருடம் சங்கத்தின் தலைவர் போனில் ஒரே ஒரு விஷயம் சொல்லியிருந்தார்: "போன வருஷத்தைவிட ஒண்ணாவது கூட இருக்கணும். இல்லேன்னா அடுத்த அறிக்கைய வேற ஆள் எழுதட்டும்." போன வருடம் நானூற்றுப் பன்னிரண்டு. இவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடி, நானூற்றுப் பதின்மூன்று ஆக்கிவிட்டார். கடைசி மெய்ப்பு வியாழக்கிழமை என் மேசைக்கு வந்தது. கூடவே அவரும் வந்தார். அரை மணியில் அவரைத் தேடிக்கொண்டு அவர் மனைவியின் தம்பியும் வந்தான்.

மச்சினனை எனக்குத் தெரியும். பட்டியலில் அவன் கம்பெனியும் உண்டு: தீப்பிடித்த கட்டடத்திலிருந்து தப்பிப்பது எப்படி என்று தொழிலாளிகளுக்கு மெய்நிகரில் பயிற்சி கொடுப்பது. பன்னிரண்டு பேர், 'வேகமான வளர்ச்சி'. அதை இழுத்து மூடி எட்டு மாதம் ஆகிறது. இணையதளம் மட்டும் இன்னும் திறக்கிறது, யாரும் நிறுத்தவில்லை.

அவன் உட்காரவில்லை. "அத்தான், ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தேன். நர்சுகளுக்குப் பயிற்சி குடுக்கிற பிரிவு. எல்லாம் பிடிச்சிருந்துது. அப்புறம் உங்க புத்தகத்த எடுத்து முன்னால வச்சாங்க. பன்னெண்டு பேர வச்சு கம்பெனி நடத்துறவரு இங்க எதுக்கு வர்றீங்க, எங்க பாடத்தப் பாத்துட்டுப் போகவான்னு கேட்டாங்க."

"மூடிட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே மாப்பிள்ளை."

"சொன்னேன். யாரு நம்புறா? புது அறிக்கை வெள்ளிக்கிழமை வருதாமே, அதப் பாத்துட்டுத் திங்கக்கிழமை முடிவு சொல்றோம்னாங்க." அவன் குரல் ஏறவில்லை. "எட்டு மாசமா வீட்ல இருக்கேன் அத்தான். மூடியாச்சுன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க."

வளர்ச்சி சார் ஒரு மிட்டாயைப் பிரித்தார். "பாதை மாற்றம்னு போட்டா..."

"எந்தப் பாதைக்குன்னு கேப்பாங்க."

அவர் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். அவன் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். பாழாய்ப்போன அந்த ஒரு வரிக்காகப் படித்த பிள்ளை இப்படி வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

"வீட்லயும் இதே பேச்சுதான் மேடம்" என்றார் அவர். "என் தம்பி கம்பெனி செத்துப்போனது ஊருக்கே தெரியும், உங்க புத்தகத்துக்கு மட்டும் தெரியலங்கறா." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இத அடிச்சா நானூத்திப் பன்னெண்டு. வளர்ச்சி பூஜ்யம். எனக்கு வேற என்ன வேலை தெரியும் சொல்லுங்க."

சிவப்புப் பேனாவை மேசையில் அவர் பக்கம் தள்ளி வைத்தேன். அதற்கு எனக்கு அதிகாரம் உண்டு.

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்ணூற்றாறாம் பக்கத்தைத் திருப்பி, மச்சினனின் கம்பெனிக்கு எதிரே இருந்த 'வேகமான வளர்ச்சி'யை ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் 'மூடப்பட்டது' என்று எழுதினார். முதல் பக்கத்தின் மொத்தத்தையும் திருத்தினார். கடைசி மெய்ப்பில் கைவைத்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் அச்சகத்து வழக்கம், போட்டார்.

சரி, முடிந்தது என்று தாளுக்குக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. பட்டியலின் தொடக்கத்துக்குப் போனார். முதல் கம்பெனி, எங்கேயோ கண்டத்தின் மறுகோடியில். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் போன் நம்பர். ஏழு வருடமாக அவரேதான் அதை அச்சிடக் கொடுத்துவந்திருக்கிறார், ஒரு தடவைகூடக் கூப்பிட்டுப் பார்த்ததில்லை.

"இதுல வெளிநாட்டுக்குப் பேசலாமா மேடம்?" என்று என் மேசை போனை இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்து அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கே கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சிவப்புப் பேனாவை மறுபடி கையில் எடுத்தார்.