வாசலில் நின்றவள்

சூடேறிய கணினிகளின் நெடியும், மூலையில் அமர்ந்து யாரோ தின்ற 'மேகி கோரேங்' வறுத்த நூடுல்ஸின் காரமும் குளிரூட்டியின் ஈரத்தோடு கலந்து, சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாத ஒரு வாடையாகிவிடும்; ஜெலாப்பாங் கடைவரிசையின் மாடியில் இருந்த 'சைபர் கடை'யை எங்கள் தெருவின் தாய்மார்கள் அந்த வாடையால்தான் அறிந்திருந்தார்கள். பதின்மூன்று வயதில் ஆண்டிறுதி விடுமுறை முழுவதையும், பதினாறு வயது அண்ணனின் பக்கத்து நாற்காலியில், அவன் ஆடிய 'சுடுற கேம்' ஒன்றின் ஆங்கில வரிகளைத் தமிழாக்கிச் சொல்வதில் நான் கழித்தேன்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அப்பா எங்களைவிட்டுப் போயிருந்தார். நாங்கள் வாழ்ந்த ரப்பர் தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் லயத்து வீடுகள் இடிக்கப்பட்டபின், லூமுட் துறைமுகத்தில் படகுகளுக்கு இரும்பு பற்றவைக்கும் வேலைக்குச் சென்று, சனிக்கிழமைதோறும் திரும்பிக்கொண்டிருந்தவர், ஒரு ஞாயிறு பிற்பகல் புறப்பட்டபின் வரவேயில்லை. அம்மா கையுறைத் தொழிற்சாலைக்கும் அண்ணன் பந்தாடவும் சென்றிருந்தமையால், அவரை வழியனுப்பியவள் நான் ஒருத்திதான்.

"ஏய், அப்பா என்னலா சொல்லிட்டுப் போனாரு?" என்று அண்ணன் கேட்டபோது, "போயிட்டு வாரேன்னு சொன்னாரு" என்றேன்.

எங்கள் வீட்டு வாசற்படியில் 'போறேன்' என்ற சொல் ஒலிக்கக் கூடாது. தவறிச் சொன்னவரை அம்மா உள்ளே அழைத்து, தண்ணீர் குடிக்கவைத்து, சரியான சொல்லைச் சொல்லவைத்த பிறகே அனுப்புவாள். ஆகவே என் விடையை அண்ணன் வாக்குறுதியாகவே பற்றிக்கொண்டான். சனிக்கிழமைகளில் பந்தாடப் போவதையே நிறுத்திவிட்டான்.

அந்த ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு வீரன், வாசலில் நிற்கும் பெண்ணிடம் இரண்டொரு சொற்கள் கூறிவிட்டு ஹெலிகாப்டரில் ஏறுவான். 'நான் போகிறேன்' என்பதே அவ்வரியின் பொருள்; பழக்கம் என் நாவைத் திருப்பிற்று.

"போயிட்டு வாரேன்னு சொல்றான் அண்ணே."

"அப்போ கடைசியில வீட்டுக்கு வருவான்லா" என்று தீர்மானித்து அண்ணன் ஆடத் தொடங்கினான்.

அதன்பின் ஆட்டம் அந்தப் பெண்ணை மறந்தேபோயிற்று. துப்பாக்கியின் திருகாணிவரை பொறுமையாகத் தீட்டியவர்கள், அதை ஏந்தியவன் எதற்காகச் சுடுகிறான் என்பதை ஒரு வரியிலேனும் எழுதவில்லை. எதிரிகளுக்கு முகமூடி இருந்தது, பகை இருக்கவில்லை. தோழன் மடிந்தால், வீரன் அவனுடைய தோட்டாக்களை எடுத்துக்கொண்டு அடுத்த கதவை உதைத்தான். அண்ணனோ ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும், "அவ எங்க? இன்னும் போன் பண்ணலியா?" என்று கேட்பான்.

"மச்சான், சுடுற கேம்ல பொண்டாட்டியத் தேடுற ஒரே ஆளு நீதான்லா!" என்று அடுத்த நாற்காலிக்காரன் சிரிப்பான். நானோ, அவள் எழுதியதாகத் திரையில் இல்லாத கடிதங்களையெல்லாம் படித்துச் சொன்னேன்.

கடைசிக் கட்டத்தில் ஒரு கட்டடம் வெடித்தது. வீரன் புகைக்குள் நடந்து மறைந்தான். ஆட்டத்தை ஆக்கியோரின் பெயர்கள் மேலேறத் தொடங்கின. கடைசிப் பெயரும் மறையும்வரை அண்ணன் திரையையே பார்த்திருந்தான்.

"வாரேன்னுதான சொன்னான்?"

"இல்ல அண்ணே. போறேன்னுதான் சொன்னான். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். என்னைப் பார்க்காமலே கேட்டான்: "அப்பா?"

நான் எழுந்து என் நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினேன். மாடிப்படி இறங்கி முடிந்தபோது, "அம்மாகிட்ட சொல்லாதே" என்றான். அந்தச் சனிக்கிழமை அவன் பந்தாடப் போனான். அம்மா மட்டும் இறுதிவரை என் சொல்லை நம்பியிருந்தாள்.

அந்தக் கடை இன்று, துணிகள் தாமே சுழலும் ஒரு 'டோபி' சலவைக்கடையாகிவிட்டது. எங்கள் வாடை சோப்பு மணத்தில் கரைந்துவிட்டது. இக்கால ஆட்டங்களில் வீரனின் நெற்றி வியர்வைகூட மின்னுகிறது. அவனை வழியனுப்பிய பெண் என்ன ஆனாள் என்பதை யாரும் இன்றும் எழுதியதாகத் தெரியவில்லை. குறைசொல்ல எனக்கும் தகுதியில்லை. அப்பா போனதற்கு எத்தனையோ காரணங்களை நான் எழுதிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அவருக்குப் பொருந்தவில்லை.

செமோரிலுள்ள என் வீட்டுக்கு அண்ணன் எப்போதாவது வருகிறான். புறப்படும்போது 'போறேன்' என்பதுமில்லை, 'போயிட்டு வாரேன்' என்பதுமில்லை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கையை மட்டும் உயர்த்துகிறான். அவனுடைய மோட்டார் சைக்கிளின் ஒலி திருப்பத்தில் அடங்கும்வரை நான் வாசலில் நிற்கிறேன்.