கார்பிள் இருந்த பக்கம்

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. பெட்டி தூக்க வருவதாகச் சொன்ன சித்தப்பா, ரயில் அசையத் தொடங்கிய பிறகுதான் ஓடி வந்தார். சட்டைக் கையெல்லாம் லென்ஸ் இழைத்த வெள்ளைப் பொடி. பத்திரமாகப் போய் வா என்பார் என்று ஜன்னலில் முகத்தை வைத்தேன்.

"கடைக்கு ஒருத்தங்க வந்தாங்கம்மா! முழுப் பக்கத்தையும் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க!" என்று கத்தினார். அவ்வளவுதான் வழியனுப்பு.

சித்தப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னால் ஃபிரேம்கள் தொங்கும் ஒற்றை அறை, பின்னால் தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸ் இழைக்கும் மெஷின். கிட்டப் பார்வையைச் சோதிக்க மற்றவர்கள் அட்டை வைத்திருப்பார்கள். சித்தப்பா பழைய ஆங்கில அகராதி ஒன்றை வைத்திருந்தார். எறும்பு எழுத்து. ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் ஆதிகாலப் பொருள்தான் முதலில் இருக்கும். G எழுத்தில் பார்த்தால், கேங் என்றால் அன்று கும்பல் இல்லை, பயணம். கார்னிஷ் என்றால் தட்டில் இலை தூவுவதில்லை, கோட்டைக்கு ஆயுதம் சேர்ப்பது. அட்டை என்றால் இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறவர்கள், இதைக் கீழே வைக்க மாட்டார்கள். தபால்காரர் கண்ணில் ஒரு குறையும் இல்லாமலே மாதம் ஒருமுறை வந்து படித்துவிட்டுப் போவார்.

அந்தத் திங்கட்கிழமை வந்தவர் எதிர்த்தெரு பேக்கரிக்காரம்மா. கார்பிள் என்றால் இன்று பேச்சைக் குளறுபடி ஆக்குவது, அன்று மசாலாச் சாமான்களைச் சலிப்பது என்று படித்ததும், "அப்ப நான் தினமும் விடியக்காலைல மாவைக் கார்பிள் பண்றவ!" என்று சிரித்தாராம்.

நாலு வருஷம் சுற்றிவிட்டுத் திரும்பினேன். இதற்குள் பேக்கரிக்காரம்மாவுக்கு மூன்று கண்ணாடி ஆகியிருந்தது. கல்யாணமே ஆகாத சித்தப்பா, மனசில் இருப்பதை அவரிடம் வாய் திறந்து சொன்ன பாடில்லை.

"ஊரெல்லாம் பாக்குறதுக்குக் கண்ணாடி போடறாரு, தனக்கு முன்னாடி உக்காந்திருக்கிறது மட்டும் தெரியல" என்பாள் அம்மா.

"தெரியுது அண்ணி. கேக்கத்தான் தைரியம் வரல."

"அம்பது வயசு ஆச்சு. தைரியம் பார்சல்லயா வரும்?"

அது பார்சலில் வருவதற்குள் வேறு சேதி வந்தது. பேக்கரிக்காரம்மாவுக்கு அடுப்பின் சூடு காட்டும் முள்ளில் எண் தெரியவில்லை. ரொட்டி ஒருநாள் கரி, ஒருநாள் பச்சை மாவு. எத்தனை கண்ணாடி போட்டும் பயனில்லை, கண்ணே போய்விட்டது என்று முடிவு கட்டி, கடையை மூடிவிட்டு அக்கா ஊருக்குப் போகப் போகிறாராம். கடைசியாக ஒருமுறை கண்ணைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று சித்தப்பா கடைக்கு வந்தார்.

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. அன்று காலையிலிருந்து சித்தப்பா கடையில் கைக்கு வேலையில்லாமல் அகராதியைப் புரட்டி, எங்கோ பின்பக்கத்தில் விரித்துப் போட்டிருந்தேன். சித்தப்பா அந்த அம்மாவின் மூக்கில் சோதனை ஃபிரேமை மாட்டி, லென்ஸைச் செருகி, விரித்த புத்தகத்தைப் பார்க்காமலே அப்படியே நீட்டினார். அவர் கண் முழுக்க அந்த அம்மாவின் முகத்தில்.

"கேங், பயணம். கார்பிள், சலித்தல். கார்னிஷ், ஆயுதம் சேர்த்தல்..." தங்குதடை இல்லாமல் வந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். "சித்தப்பா, விரிச்சிருக்கிறது N எழுத்துப் பக்கம். அவங்க சொல்றதெல்லாம் G."

சித்தப்பா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க படிக்கலியா? ஒப்பிக்கிறீங்களா?" என்றார் சித்தப்பா.

அந்த அம்மா முகம் சிவந்துவிட்டது. "எழுத்து மங்கலாத்தான் தெரியும். மிச்சம் தானா வாயில வந்துடும். நான் என்ன பண்ண? வர்றப்பல்லாம் அந்த ஒரே பக்கத்தைத்தான் காட்டுவீங்க! உங்க புஸ்தகத்துல வேற பக்கமே கிடையாதா?"

"இருக்கு. ஆனா முதல் நாள் அதைப் படிச்சுத்தான் சிரிச்சீங்க" என்றார் சித்தப்பா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. லென்ஸ் பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

அந்த அம்மா ஒப்பித்ததைப் படிப்பதாக நம்பி, வயது ஏற ஏறக் கூட்டியிருக்க வேண்டிய பவரைச் சித்தப்பா நாலு வருஷமாகத் தொடவே இல்லை; மூன்று கண்ணாடியும் ஒரே பவர். அப்புறம் ஒவ்வொரு லென்ஸாக மாற்றிப் புதுப் பக்கத்தைக் காட்டினார். அந்த அம்மா எழுத்துக் கூட்டித் தடுமாறினார், கண்ணைச் சுருக்கினார், சட்டென்று நிமிர்ந்தார்.

"ஐயோ, தெளிவா இருக்கே! நைஸ்னா அந்தக் காலத்துல முட்டாளாமே! கண்ணாடிக்காரரே, நீங்க ரொம்ப நைஸான மனுஷன்!"

சித்தப்பா அவருக்கு மேலாகச் சிரித்தார். மறுநாள் பேக்கரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ரொட்டி பொன்னிறமாக இருந்தது. அக்கா ஊர்ப் பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் சித்தப்பா அப்போதும் கேட்கவில்லை. தினம் சாயங்காலம் ஒரு புதுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போய்வந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் பெட்டியைக் கட்டினேன்.

ஒரு வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு, முன்பின் தெரியாத ஒரு பஸ் நிலையத்தில் நின்றபோது போனில் பேக்கரிக்காரம்மாவின் செய்தி வந்தது.

"உங்க சித்தப்பா நேத்து ஒருவழியா கேட்டுட்டாரு. மெஷின் ஓடிட்டு இருக்கறப்ப கேட்டாரு. காதுல விழலன்னு சொன்னேன். மறுபடி கேட்டாரு. விழலன்னேன். மெஷினை நிறுத்திட்டு, தெருவுக்கே கேக்குற மாதிரி கேட்டாரு. சரின்னுட்டேன். முதல் தடவையே நல்லா விழுந்துச்சு. அவர்கிட்ட சொல்லிடாத."