முன்னால் நின்றவரின் கண்

டபுள்ஸ் கோச்சாக இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஷட்டிலைச் சமாளித்துவிடலாம், கோர்ட்டோரம் உட்கார்ந்திருக்கும் பெற்றோரைச் சமாளிப்பதுதான் பாடு. என்னைப் போலத் தொண்டைத் தண்ணீர் வற்றியவர்களுக்கு இது புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் ஒரு பேட்மின்டன் ஹாலில் அசிஸ்டென்ட் கோச்சாக இருந்தேன். கோவையில் யுனிவர்சிடி டீமில் ஆடியவள் என்பதால் கிடைத்த வேலை. தலைமைக் கோச் எஸ்பென், டென்மார்க்குக்காக டபுள்ஸ் ஆடியவர்.

அதுவா?

சொந்த ஊரில் ரொட்டிக் கடையில்கூட எஸ்பெனை அடையாளம் கண்டு கை கொடுப்பார்களாம். இங்கே அபார்ட்மென்ட் மேனேஜர், என்ன வேலை என்று கேட்டார். பேட்மின்டன் என்றார் எஸ்பென். மேனேஜர் முகம் மலர்ந்தது.

"ஓ, கறி வேகிற வரைக்கும் கொல்லையில விளையாடுவோமே, அதுவா?"

முதுகு

எஸ்பென் எப்போதும் முன்னால், நெட் பக்கம். சின்ன வயதிலிருந்து அவருடைய பார்ட்னர் பின்னால் நின்று ஸ்மாஷ் அடிப்பார். இருவரும் ஒன்றாகவே ஜெயித்தார்கள், தோற்றார்கள். பிறகு ஒருநாள் பார்ட்னர் வேறு ஆளுடன் ஜோடி சேர்ந்துவிட்டார் என்பதைப் பேப்பர் பார்த்துத்தான் எஸ்பென் தெரிந்துகொண்டார். அதோடு ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார். கோபம் இல்லையா என்று கேட்டேன்.

"அவன் என் முதுகைப் பார்த்தே ஆடினான். ஆடும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது, சுமதி."

ஷார்ட் லிஃப்ட்

ஒரு சனிக்கிழமை, சும்மா ஒரு கிளப் மேட்ச். எஸ்பெனுக்குப் பார்ட்னர் ஜாபர், காயல்பட்டினத்துக்காரர், டெலிகாம் இன்ஜினியர். ஜாபர் தூக்கிவிட்ட ஷட்டில் உயரமும் போகவில்லை, தூரமும் போகவில்லை. எதிராளி முழு பலத்தோடு இறக்கினார். நெட்டருகே இருந்த எஸ்பெனின் இடது கண்ணில் அது நேராகப் பாய்ந்தது.

அவர் முட்டி போட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டார். நான் ஃப்ரீவேயில் ஆஸ்பத்திரிக்குக் காரை விரட்டினேன். பின் ஸீட்டில் ஜாபர் அவர் கையைப் பிடித்தபடி, "அக்கா, என் லிஃப்ட்தான் ஷார்ட்டாப் போச்சு" என்று அழுதுகொண்டே வந்தார். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கண் இருக்கும். பார்வையை எதிர்பார்க்காதீர்கள்."

லைன்

எஸ்பென் கோச்சிங்குக்குத் திரும்பி வந்தார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. ஷட்டில் ஓரிடத்தில், ராக்கெட் ஓரிடத்தில். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. பக்கத்து ஊரான காப்பெலிலிருந்து வரும் ஆண்ட்டி ஒருவர், எங்களிடம் ஆடப் பழகும் ப்ரியாவின் அம்மா, என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சுமதி, நல்ல மனுஷன்தான். ஆனா ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு, ப்ரியா அடிக்கிறது லைனுக்கு உள்ளயா வெளியவான்னு எப்படி ஜட்ஜ் பண்ணுவாரு?"

கண்ணாடி

எல்லாப் பிள்ளைகளும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டே ஆட வேண்டும் என்று எஸ்பென் பிடிவாதம் பிடித்தார். கண்ணாடியைப் பார்த்தால் ஆபத்தான ஆட்டம் என்று நினைத்து யாரும் சேரமாட்டார்கள் என்றார் ஹால் ஓனர். சத்தம் போட்டுப் பேசினார்கள். அந்த வாரமே எஸ்பெனுக்கு வேலை போனது.

அவர் பையைத் தோளில் மாட்டும்போது ப்ரியா ஓடிவந்து, "கோச், ஆர் யூ ஸ்கேர்ட் நௌ?" என்றாள். அவர் குனிந்து, தன் கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டினார்.

"ஆமாம், பயம்தான். நீயும் பயப்படு."

எஸ்பென் டென்மார்க் திரும்பிவிட்டார். நானும் அந்த வேலையிலிருந்து விலகித் தனியாக ஒரு ஹால் வாடகைக்கு எடுத்து, கண்ணாடி போடாத பிள்ளையைக் கோர்ட்டில் விடுவதில்லை என்று இருப்பதால், என் க்ளாஸில் எப்போது வந்தாலும் இடம் கிடைக்கும்.