கோச் போனால் மொட்டை

கல்யாணமாகி இருபத்துச் சொச்சம் வருஷங்களில் என் கணவர் எனக்கு எத்தனையோ வாக்குக் கொடுத்திருக்கிறார். ஊட்டிக்கு அழைத்துப் போவது, பால்கனிக்குக் கொசுவலை அடிப்பது, குடித்த டம்ளரைத் தானே கழுவுவது. கொசுக்கள் இன்றும் தாராளமாக வந்து போகின்றன. அதனால் அவர் சாமிக்குக் கொடுத்த வாக்கையும் நான் முதலில் சட்டை செய்யவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் அஸ்தினாபுரம் ஃபிளாட்டின் ஹாலில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. டிவி முன்னால் மூன்று பேர். ஒருவர் என் கணவர். இன்னொருவர் கீழ்வீட்டில் இருக்கும் ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். மூன்றாவது, தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன். ரயில் ஏறி மைதானம் வரை போய்த் தோல்வியைப் பார்ப்பதைவிட, பஜ்ஜி கிடைக்கிற இடத்தில் பார்ப்பது மேல் என்பது இவர்கள் கொள்கை. நம்ம ஊர் கிளப் சொந்த மண்ணில் மூன்று கோல் வாங்கிக்கொண்டது. கேமரா கோச்சைக் காட்டியது. வெள்ளைத் தாடி வைத்த வெளிநாட்டுக்காரர், எதுவுமே நடக்காததுபோல் பெஞ்சில் உட்கார்ந்து சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார்.

என் கணவர் எழுந்தார். திருப்பதி இருக்கும் வடமேற்குத் திசைக்குத் திரும்பினார். அந்தத் திசையில் எங்கள் ஃபிரிட்ஜ் இருக்கிறது. அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏழுமலையானே! இந்தக் கோச் மட்டும் கிளப்பை விட்டுப் போகட்டும். குடும்பத்தோட வந்து மொட்டை போடறேன்!"

"கோவிந்தா!" என்று ஆட்டோ அண்ணன் குரல் கொடுத்தார். மாஸ்டரும் சேர்ந்துகொண்டார். பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்த எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"குடும்பம்னா யாருங்க?"

"நாமதான். நான், நீ, பொண்ணு."

"என்னை எதுக்குச் சேத்தீங்க?"

"ஒரு வேகத்துல வந்துடுச்சு."

"எனக்குப் பூமுடி போதாதா? நுனியில கொஞ்சம் கத்தரிச்சுக் குடுத்துடறேன்."

"மொட்டைன்னு வாயால சொல்லியாச்சு. சாமிகிட்ட டிஸ்கவுன்ட் கேக்கக் கூடாது" என்றார். கறிகாய்க் கடையில் கொத்தமல்லிக்காகக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற மனுஷர்.

காட்டாங்குளத்தூரில் படிக்கிற எங்கள் பெண் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். "அப்பா, என்னைக் குடும்பத்துலேர்ந்து எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் முடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்துப் போர் தண்ணீரில் பக்கெட்டே வெள்ளை பூத்துப்போகும். எங்கள் பில்டிங்கில் யார் எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறார்கள் என்பதை ஆண்களின் ஏறிய நெற்றியைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் பின்னல் மட்டும் இடுப்பைத் தாண்டித் தொங்குகிறது. காரணம், வெள்ளிக்கிழமை தோறும் நான் கேன் தண்ணீரில் தலைக்குக் குளிக்கிறேன். ஆமாம், குடிக்கிற கேன் தண்ணீரில்தான். ஊதாரி என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். பல்லாவரத்தில் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறேன். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்துக்கொண்டு வெளியே வருகிற அம்மாக்கள் என் பின்னலைப் பார்த்து, "நல்லா தெரியுது, எம்மாம் நீளம்!" என்பார்கள். எனக்கு அதில் பெருமைதான். மறைப்பானேன்?

ஆனாலும் நான் பயப்படவில்லை. கோச்சுக்கு ஒப்பந்தம் இருக்கும், லேசில் போகமாட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்திலேயே மாஸ்டர் படியேறி வந்து அதில் மண்ணைப் போட்டார்.

"புது ஹெட் கோச் வர்றாராம். அவர் மட்டும் இல்லே, ஜெனரல் மேனேஜரும் புதுசாம். பேச்சுவார்த்தை நடக்குதாம்."

ஹாலில் தீபாவளி. என் கணவர் ஸ்பெயின்காரர்தான் வேண்டும் என்றார். மாஸ்டர் உள்ளூர்க்காரர் வேண்டும் என்றார். அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால் தன்னையே சொல்கிறாரோ என்று தோன்றியது. ஆட்டோ அண்ணனுக்கு பிரேசில்.

"பிரேசில்காரன் வந்தா கெத்தா இருக்கும் சார். நம்ம ஸ்டாண்டுல ஃபிளெக்ஸு வெச்சிடலாம். கோச்சு போட்டோ நடுவுல, நம்ம மூணு பேரு போட்டோ சுத்தி. அது சரி, ஜெனரல் மேனேஜருன்னா இன்னா சார் வேலை?"

மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கோச் சமைக்கிறவர். ஜெனரல் மேனேஜர் காய்கறி வாங்கிட்டு வர்றவர். எந்தப் பிளேயரை எடுக்கணும், யாரை விடணும், எல்லாம் அவர் பொறுப்பு."

சமையலறையில் தோசை திருப்பிக்கொண்டிருந்த என் காதில் இது விழுந்தது. என் முடிக்கு ஒரு வழி பிறந்தது.

கறிகாய் சொத்தை என்றால் சமைத்தவளைத் திட்டுவது என்ன நியாயம்? இத்தனை வருஷமாக இந்த வீட்டில் நான் கேட்டு வருகிற கேள்வி இது. காய் வாங்கி வருகிற ஆளை மாற்றட்டும். ஜெனரல் மேனேஜர் போகட்டும், நான் தடுக்கவில்லை. கோச் இருக்கட்டும். என் தலைக்குச் சேதமில்லை.

ரசிகர்களுக்கென்று ஃபோனில் ஒரு பெரிய குரூப் உண்டு. கிளப்பில் யாரோ அதைப் பார்த்து முடிவெடுப்பதாக என் கணவரின் நம்பிக்கை. பெண்ணின் பழைய ஃபோனில், புது சிம் போட்டு, அவளே என்னைச் சேர்த்துவிட்டாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பந்துப் படம், முகத்துக்கு ஒரு புலிப் படம். "நல்லா எழுதும்மா. என் முடியும் இதுலதான் இருக்கு" என்றாள்.

முதல் நாளே எழுதினேன். சொத்தைக் கத்தரிக்காயை வாங்கிக் கொடுத்துவிட்டு எண்ணெய்க் கத்தரிக்காய் கேட்டால் எப்படி? டிஃபென்ஸில் ஆளே இல்லை, கோச் என்ன செய்வார்? எழுதி முடித்த கையோடு ஹாலில் என் கணவரின் ஃபோன் டிங் என்றது. மனுஷர் எகிறினார்.

"எவனோ ஒருத்தன் புதுசா வந்திருக்கான், புலிப் படம் போட்டுக்கிட்டு! கோச்சுக்கு சப்போர்ட்டாம்!"

"அப்படியா?" என்றேன்.

அதிலிருந்து தினமும் இதுதான். அவர் ஹாலில் உட்கார்ந்து புலியைத் திட்டி எழுதுவார். புலி சமையலறையில் நின்று பதில் எழுதும். சில சமயம் அவரே அடுப்புப் பக்கம் வந்து, "இந்த முட்டாளுக்கு என்ன பதில் சொல்றது, சொல்லு" என்று என்னிடமே யோசனை கேட்பார். சொத்தையான யோசனையாகப் பார்த்துச் சொல்லி அனுப்புவேன். குரூப்பில் புலிக்கு ஆதரவு பெருகியது. ஆட்டோ அண்ணனே ஒருநாள் ஆடிப்போய்விட்டார். "அந்தப் புலி சொல்றதுலயும் பாயின்ட் கீது சார்" என்றார். என் கணவர் அன்று அவருக்குக் காபி கொடுக்க வேண்டாம் என்று கண்ணால் காட்டினார். நான் இரண்டு டம்ளர் கொடுத்தேன்.

பதில் எழுத வேண்டுமென்றால் மேட்ச் பார்த்தாக வேண்டுமே. வெள்ளிக்கிழமை சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தபடி பழைய ஆட்டங்களையெல்லாம் பார்த்தேன். ஆஃப்சைடு புரிந்தது. இடது ஓரத்தில் ஓடுகிற குள்ளப் பையன் ஒருவனைப் பிடித்துப்போயிற்று. பந்து காலில் இல்லாதபோதும் ஓடிக்கொண்டே இருப்பான். கோச்சையும் கவனித்தேன். தோற்றுத் தலை குனிந்து வெளியே வருகிற பையன்களுக்கு அவரே தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்கிறார். ஒருவனையும் எல்லோர் முன்னாலும் திட்டவில்லை. மென்றுகொண்டிருப்பதும் திமிரில் இல்லை, பதற்றத்தில்தான் என்று பட்டது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதைச் சொல்வதில் வெட்கமென்ன?

ஒரு வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்துத் துவட்டிக்கொண்டிருந்தபோது அறிவிப்பு வந்துவிட்டது. புது ஹெட் கோச், புது ஜெனரல் மேனேஜர், இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டு நிற்கிற படம். அதற்குக் கீழே சின்னதாக, பழைய கோச்சுக்கு நன்றி என்று ஒரு வரி. இத்தனை உழைத்த மனுஷருக்கு ஒரே ஒரு வரி. ஈரத் தலையோடு அழுதேன். முடிக்காக அழுகிறேன் என்று பெண் நினைத்துக்கொண்டு, "விக் வாங்கிக்கலாம்மா" என்று முதுகைத் தடவினாள். பாதி அழுகை முடிக்கு, மீதி அந்தத் தாடிக்காரருக்கு.

ஹாலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மாஸ்டர் லட்டு கொண்டுவந்தார். "வேண்டுதலு பலிச்சிருச்சு! எப்போ சார் திருப்பதி? நம்ம வண்டியில பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இட்டுகினு போறேன்" என்றார் ஆட்டோ அண்ணன். சாமியோடு விளையாட எனக்கும் தைரியம் கிடையாது. பின்னலைக் கடைசியாக ஒருமுறை போட்டுக்கொண்டு வந்து நின்றேன்.

"எப்போ கிளம்பறது?"

என் கணவர் லட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நான்தான் மொட்டை. உங்க ரெண்டு பேருக்கும் பூமுடி போதும். வேண்டிக்கிட்டவன் முழுசாப் போட்டா சரியாப் போச்சாம். பெருமாள் கோயில் பட்டர்கிட்ட கேட்டுட்டேன்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏழுமலையானுக்கு மனசுக்குள் கோடி கும்பிடு போட்டேன். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"எப்பங்க கேட்டீங்க?"

"அது... வேண்டிக்கிட்ட மறுநாளே."

மாஸ்டர் லட்டை வாயில் வைத்தவர் மெல்லவில்லை.

"மறுநாளேவா? அப்புறம் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள புலி வந்துடுச்சு." அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "கால்பந்து குரூப்புல சொத்தைக் கத்தரிக்காய் பத்தி எழுத இந்த உலகத்துலயே ஒரு ஆளுதான் இருக்கு. அதோட குக்கர் விசில் வர்றப்பல்லாம் புலி டைப் பண்றதை நிறுத்திடுது. சரி, என்னதான் சொல்றான்னு பாப்போமேன்னு விட்டேன். நல்லாத்தான் இருந்துது. இவ்ளோ நாள்ல நீ என்கிட்ட இவ்ளோ பேசினதே இல்லையே."

கோபம் வந்ததா, சந்தோஷம் வந்ததா என்று கேட்டால், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. எனக்கும் அந்தச் சண்டை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அத்தனை நாளும் தலை சீவும்போதெல்லாம் பின்னலுக்கு விடை கொடுத்தவள் நான். அந்தக் கணக்கு எப்படித் தீரும்? லட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

திருப்பதியில் எனக்கும் பெண்ணுக்கும் நுனியில் கொஞ்சம் கத்தரித்தார்கள். அவர் சந்தனத் தலையோடு வெளியே வந்தபோது யாரென்று தெரியாமல் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். நிஜமாகவே தெரியவில்லை. கொஞ்சம் வேண்டுமென்றும்தான்.

அவர் தலையில் முள் முள்ளாக முடி எட்டிப் பார்க்க ஆரம்பித்த சமயம், புதுக் கோச்சின் முதல் மேட்ச் வந்தது. இந்தமுறை பஜ்ஜியை மாஸ்டர் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லிவிட்டு நானும் சோபாவில் உட்கார்ந்தேன். புதுக் கோச் செய்த முதல் காரியம், என் குள்ளப் பையனை பெஞ்சில் உட்காரவைத்தது. கோட் சூட் போட்டுக்கொண்டு ஓரமாக நின்று ஒவ்வொரு பையனையும் பார்த்துக் கத்திக் கூப்பாடு போட்டார். இடது ஓரம் காலியாகக் கிடந்தது. அந்த வழியாகவே இரண்டு கோல் வந்தன. கடைசி விசில் வரை என் பையனை இறக்கவில்லை.

என் கணவர், "முதல் மேட்ச்தானே, டைம் குடுக்கணும்" என்று முனகினார்.

நான் எழுந்தேன். ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஏழுமலையானே! இந்தக் கோச் மட்டும் கிளப்பை விட்டுப் போகட்டும்..."

"அம்மா! குடும்பம்னு மட்டும் சொல்லிடாதே!" என்று பெண் பாய்ந்து வந்தாள்.

"குடும்பமெல்லாம் இல்லை. இவருக்கு மட்டும் மொட்டை போடறேன்!"

"கோவிந்தா!" என்றார் ஆட்டோ அண்ணன். என் கணவரின் கை தானாகத் தலைக்குப் போய் அந்த முள் முடியைத் தடவிப் பார்த்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். பொண்டாட்டி வேண்டிக்கொண்டால் புருஷனுக்குப் பூமுடி போதுமா என்று பட்டரிடம் கேட்டேன். போதாது, முழு மொட்டைதான் என்றார்.